நூலு தூக்கிய இரும்பும் ஆரஞ்சு நிறக் கையுறையும்

நூலு தன் வாழ்க்கையில் ஜெயித்தவற்றை எழுதினால் ஒரு பக்கம்கூட வராது. ஆனால் ஒன்றுகூட அவளுக்குச் சும்மா கிடைத்ததில்லை. பிழைக்காது என்று சொன்ன காய்ச்சலிலிருந்து பிழைத்தாள். நடக்கமாட்டாள் என்றார்கள், நடந்தாள். வாளித் தண்ணீர்கூடத் தூக்கவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பிய அந்தக் கைகளால், நகர விளையாட்டு அரங்கில், தன்னைப்போல் ஒன்றரை மடங்கு கனமுள்ள இரும்பைத் தரையிலிருந்து இடுப்புவரை தூக்கி நிறுத்தி இரண்டாம் பரிசு வாங்கினாள். மாடியில் அதைத் தூக்கிப் பழக, கீழ்வீட்டில் வாட்ச் ரிப்பேர் செய்யும் வாட்ச்காரரின் சம்மதத்தை வாங்கினாள். கோப்பையைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களை எடுப்பதில்லை என்று வாசலிலேயே எழுதிப்போட்டிருந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை வாங்கினாள். இவ்வளவுதான் கணக்கு. இதில் அந்த வேலை அவளை விட்டுப் போனது எப்படி என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

நூலு என்பது அக்கா வைத்த பெயர். அப்போது அக்காவுக்கே ஒன்பது வயதுதான். மூட்டுக்கு மூட்டு வீங்கி, மற்ற இடமெல்லாம் வற்றிப்போய்க் கிடந்த தங்கையைத் துணி மாற்றத் தூக்கியவள், "அம்மா, இவ நூலாட்டம் ஆயிட்டா" என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது. காய்ச்சல் விட்டுவிட்டு வந்து, அவள் எழுந்து நடமாடியபோது அவள் வயதுப் பிள்ளைகள் நாலு வகுப்பு தாண்டியிருந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஒரு வாரம் போனாள். அப்புறம் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "அந்தப் பொடிசுங்க என்னை ஆயான்னு நெனச்சுக்கிட்டு மூக்கு சிந்திவிடக் கூப்பிடுதுங்க. நான் போகமாட்டேன்" என்றாள். சொன்னால் சொன்னதுதான். அந்தப் பை ஆணியிலேயே நைந்தது.

அக்கா எட்டாவது வரை படித்துவிட்டு மருந்துக் கிடங்கில் சேர்ந்தாள். பெட்டிகளைக் காலாவதித் தேதிப்படி அடுக்க வேண்டும். முன்னால் கெடுவது முன்னால் நிற்க வேண்டும். அவள் கைபட்ட அலமாரியில் ஒரு பெட்டிகூடத் தலைகீழாக இருக்காது. வீட்டிலும் அப்படித்தான். உப்பு டப்பாவை யாராவது நாலு விரற்கடை நகர்த்தினால் அவளுக்குத் தெரிந்துவிடும். "இவளுக்குக் கண்ணு இல்ல, அளவுகோல்" என்பாள் நூலு.

நூலுவுக்கு இருந்த பலம் சலவைக்கூடத்துக்குப் போகும்வரை நூலுவுக்கே தெரியாது. ஒருநாள் தள்ளுவண்டியின் சக்கரம் கழன்றுகொண்டது. அதில் இருந்தது ஈரப் படுக்கை விரிப்புகளின் மூட்டை; இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால்தான் அசையும். ஆள் வரட்டும் என்று எல்லாரும் நிற்க, நூலு மூட்டையைக் கட்டியணைத்துத் தூக்கிக்கொண்டு உலர்த்தும் அறைக்கு நடந்துவிட்டாள். இஸ்திரி மேஜை முன்னால் நின்ற பெட்டிக்காரம்மா, பெட்டியைத் துணிமேல் வைத்தபடியே வாயைப் பிளந்து, ஒரு தலையணை உறையைக் கருக்கிவிட்டாள்.

"ஏண்டி, இந்தக் குச்சிக் கையிக்குள்ள யாரு உட்கார்ந்துக்கிட்டு தூக்கறா?"

"தெரியலக்கா. வாடகை மட்டும் குடுக்க மாட்டேங்கறாங்க" என்றாள் நூலு.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கிப் பார்க்கும் வெறி பிடித்தது. பழைய இரும்புக் கடைக்காரரிடம் ஒரு தடித்த கம்பியும், ஏதோ இயந்திரத்திலிருந்து கழற்றிப்போட்ட இரும்புச் சக்கரங்களும் கிடைத்தன. வீடு என்பது மாடியில் ஒரே அறை, அதை ஒட்டி ஒரு சமையல் இடுக்கு. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் கம்பி நேராகக் கொள்ளவில்லை. மூலைக்கு மூலை வைத்தால் கொண்டது. தரை விரிசல் விடாமல் இருக்க அக்கா பழைய டயரை அறுத்துச் சக்கரங்களுக்கு அடியில் போட்டாள். அப்படியும் முதல்நாள் கம்பியை இறக்கி வைத்த மறுநிமிடம் கீழ்வீட்டு வாட்ச்காரர் படியேறி வந்துவிட்டார். பூதக்கண்ணாடிக் குழல் கண்ணிலேயே மாட்டியிருந்தது.

"மேல என்ன, யானை கட்டியிருக்கீங்களா?"

"இல்லண்ணே, நான்தான்" என்றாள் நூலு.

"என் மேஜையில ஒரு திருகாணி வெச்சிருந்தேன். எள்ளு அதைவிடப் பெருசு. குதிச்சு எங்கயோ போயிருச்சு. இனிமே நான் முட்டி போட்டுத் தேடணும்."

நூலு அவருக்கு முன்னால் கீழே இறங்கிப் போய் முட்டி போட்டாள். மேஜைக்கால் இடுக்கில் அந்தத் திருகாணியைக் கண்டெடுத்து, எச்சில் தொட்ட விரல் நுனியில் ஒட்டிக் கொடுத்தாள். அவர் உருகிவிடவில்லை. ஆனால் ஒரு ஏற்பாடு உண்டானது. கம்பியை இறக்கும் முன் ஜன்னல் பக்கம் திரும்பி அவள், "அண்ணே, வைக்கறேன்" என்று குரல் கொடுப்பாள். கீழே அவர் வாட்ச் உதிரிகள் இருக்கும் தட்டின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து மூடிக்கொண்டு, "வை" என்பார். பிறகுதான் இரும்பு தரை தொடும். அந்தத் தெருவில் கேட்டவர்களுக்கு அது வேடிக்கை. அவர்கள் இருவருக்கும் அது தொழில்.

கையுறைப் பேச்சை முதலில் எடுத்தது அம்மா. நூலுவின் உள்ளங்கையில், விரல்கள் தொடங்கும் இடத்தில், வரிசையாகக் காய்ப்பு. சில நாள் அது உரிந்து ரத்தம் கசியும்.

"கையில ஏதாவது மாட்டிக்கிட்டுத் தூக்கக் கூடாதாடி? நாளைக்கு ஒருத்தன் உன் கையைப் புடிச்சா செருப்பைப் புடிச்ச மாதிரி இருக்கும்."

"புடிக்கறவன் கிளவுஸ் போட்டுக்கட்டும்மா."

"வாய் மட்டும் நூலு இல்ல, வடக்கயிறு."

அக்கா இதில் யார் பக்கமும் சேரவில்லை. உரிந்த தோலை நகவெட்டியால் ஓரமாகச் சீவி, மருந்து வைத்துக் கட்டுவாள். நூலு தன் நியாயத்தைச் சொல்வாள். கையுறை போட்டால் கம்பி தடிக்கும். விரல் முழுசாகச் சுற்றாது. கம்பி உருளத் தொடங்குவது வெறுங்கைக்குத் தெரிகிற மாதிரி உறைக்குள் இருக்கிற கைக்குத் தெரியாது. இரும்புக் கடைக்காரரும் அதையேதான் சொன்னாராம். போட்டியில் பரிசு வாங்கினதும் வெறுங்கையால்தான். அதற்குமேல் யார் பேச முடியும்?

கோப்பையை அவள் வேலையிடத்துக்கு எடுத்துப் போய் எல்லாருக்கும் காட்டினாள். அவர்களே அவளைக் கோப்பையோடு நிறுத்திப் படம் எடுத்து, உள்ளே நுழையும் இடத்தில் சுவரில் ஒட்டினார்கள். பார்க்கப் போயிருந்த அக்கா அந்தப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். படம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. யாரும் பார்க்காதபோது நேராக்கிவிட்டு வந்தாள்.

அந்தப் படத்துக்குப் பக்கத்தில்தான் பிற்பாடு ரேகை மெஷினைப் பொருத்தினார்கள். வேலைக்கு வருபவர் விரலை வைக்க வேண்டும். ஆளைத் தெரிந்தால் பச்சை விளக்கு, தெரியாவிட்டால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் ஆள் நேரில் நின்றாலும் வராத கணக்குதான். பெண்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். காலையில் ஒருத்தியை ஒருத்தி, "மாமியார் சிரிச்சாளா?" என்று கேட்டுக்கொள்வார்கள்.

நூலுவுக்கு முதலில் அந்த மெஷின் மேல் பெருமைதான். வேலையில் சேரும்போதும் அவள் பெருவிரலைத்தான் வைத்தாள். எத்தனையோ தடவை அக்கா அவளைக் கையெழுத்துப் போடப் பழகச் சொல்லியிருக்கிறாள். "உன் கையெழுத்தைப் பார்த்து வேற எவனாவது போட்டுருவான். என் ரேகையை எவன் போடுவான்? உலகத்துல ஒண்ணுதான் இருக்கு" என்பாள் நூலு. இப்போது மெஷினும் அதையே ஒத்துக்கொண்ட மாதிரி ஆயிற்று.

கொஞ்ச மாதம் சிரித்த மாமியார், ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துடைத்து வைத்தாலும் சிவப்பு; ஊதி வைத்தாலும் சிவப்பு. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று எதை வைத்தாலும் சிவப்பு. பின்னால் வரிசை நீண்டது.

"நெத்தியில தேய்ச்சு வைடி, எண்ணெய்ப் பசை இருந்தா எடுக்கும்" என்றாள் பெட்டிக்காரம்மா. அன்றைக்குத் தேய்த்து வைத்தாள், எடுத்தது. மறுநாள் அதுவும் பலிக்கவில்லை. வீட்டில் அம்மா விரலுக்கு எண்ணெய் ஊறவைத்துத் துணி சுற்றிவிட்டாள். அது இன்னும் வழவழத்தது. வாரத்தில் பாதி நாள் நூலு விடிந்ததும் போய், நாள் முழுக்க ஈரத்துணி தூக்கி, வராதவளாகத் திரும்பி வந்தாள்.

கடைசியில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். கடுமையான ஆள் இல்லை. பெண்களை ஒருமையில் அழைத்தாலும் அம்மா சேர்க்காமல் பேசமாட்டார். அவள் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"இரும்பு தூக்கித் தூக்கி ரேகை தேய்ஞ்சுபோச்சும்மா. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"நான் ரெண்டு வருஷமா தூக்கறேன் சார். அப்பெல்லாம் இருந்துச்சே."

"கல்லுகூடத் தேயத் தேயத்தான் தேயும். ஒரு மாசம் டைம் தர்றேன். வீட்டுல அதைத் தொடும்போது கிளவுஸ் போடு, இல்லாட்டி தூக்கறதையே விட்டுரு. ரேகை வந்தா சந்தோஷம். வரலன்னா, ஆளை அடையாளம் தெரியாம நான் எப்படிம்மா சம்பளம் போடறது? மேல என்னைக் கேப்பாங்க."

வீட்டுக்கு வந்து நூலு இதைச் சொன்னபோது அம்மா, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று தொடங்கி முடிக்கவேயில்லை. நூலு தூக்குவதை விடவில்லை. ஆனால் கையுறை போடச் சம்மதித்தாள். அவளுக்கு அதுவே தோல்வி என்று அக்காவுக்குத் தெரியும். அதனால் கையுறையைப் பற்றி மட்டும் கேட்டாள்.

"நான் வாங்கிட்டு வரட்டா?"

"வேணாம். எங்கிட்டயே இருக்கு."

மறுநாள் மாலை பையிலிருந்து எடுத்தாள். முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் உறை, நல்ல ஆரஞ்சு நிறம், மடிப்புக் கலையாதது. சலவைக்கூடத்தில் ஆளுக்கு ஒரு ஜோடி கொடுப்பார்கள் என்றும், தன்னுடையது அப்படியே புதுசாக இருக்கிறது என்றும் சொன்னாள். எதையும் பத்திரமாக வைத்திருப்பதில் அக்காவுக்கு மதிப்பு உண்டு. நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள். வேறெதுவும் அப்போது தோன்றவில்லை.

அந்த மாதம் நூலு உறையோடு தூக்கினாள். ரப்பர் கம்பியைக் கவ்விக்கொண்டது, ஆனால் உள்ளே கை வியர்த்து வழுக்கியது. உறை நிற்க, அதற்குள் கை சுழன்றது. தினம் தூக்கும் கனத்தில் கால்வாசியைக் குறைத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீம்புக்குப் பழைய கனத்தை ஏற்றிப் பார்த்தாள். முழங்கால் தாண்டியது. இடுப்புக்கு வரும் நேரத்தில் வலது கை உறைக்குள் திரும்பிவிட்டது. கம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்து, அலமாரிக் கதவின் கண்ணாடி உதிர்ந்தது. குரல் கொடுக்க நேரம் இருக்கவில்லை.

வாட்ச்காரர் மேலே வந்தார். திட்டப் போகிறார் என்று அக்கா முன்னால் போய் நின்றாள். அவர் திட்டவில்லை.

"நூலு, சொல்லாம வெச்சுட்டியே" என்றார்.

"கை சொல்லலண்ணே."

அவர் அவள் கையைப் பார்த்தார். தன் பூதக்கண்ணாடிக் குழலைக் கண்ணில் பொருத்தி, அவள் பெருவிரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு குழலைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். "புது வாட்ச்சுக் கண்ணாடிதான் இப்படி இருக்கும். ஒரு கீறல்கூட இல்ல."

அக்கா வாங்கிப் பார்த்தாள். விரல் நுனி மெழுகு தடவினாற்போல் பளபளத்தது. கோடு என்று ஒன்றுமே இல்லை. பார்த்துக்கொண்டே உள்ளங்கைக்கு வந்தவள் அங்கே நின்றுவிட்டாள். காய்ப்புகள் போயிருந்தன. இரும்பு கடித்த இடமெல்லாம் உறை போட்ட மூன்று வாரத்தில் ஆறி, மெத்தென்று சிவந்த தோல் வந்திருந்தது. இரும்புதான் ரேகையைத் தின்றது என்றால், இரும்பு அதிகம் பட்ட இடம் முதலில் ஆறிவிட்டதே; விரல் நுனி ஏன் ஆறவில்லை? அலமாரியில் ஒரு பெட்டி தப்பான இடத்தில் இருந்தால் அவளுக்கு வரும் அந்த நமைச்சல் வந்தது.

"வேலையில என்னடி போட்டுக்கற?"

"எங்க?"

"கையில. துவைக்கிற எடத்துல."

"அங்க வெறுங்கைதான்."

"ஏன்?"

நூலு அவளை விநோதமாகப் பார்த்தாள். "கிளவுஸ் இங்கல்ல இருக்கு."

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கியபோது எல்லாம் வெளியே வந்தது. ஆஸ்பத்திரித் துணியில் ரத்தமும் மருந்தும் தோய்ந்திருக்கும். அதை மெஷினில் போடும் முன் வெளுப்பு மருந்து கலந்த தொட்டியில் ஊறவைத்து, கறை உள்ள இடத்தை விரலால் கசக்க வேண்டும். நூலுவுக்குத் தொட்டி வேலைக்கு மாற்றலாகி ஒரு வருடத்துக்குள்தான் இருக்கும். அங்கே யாரும் உறை போடுவதில்லை. போட்டால் துணி வழுக்கும், கறை எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது, மூட்டை குவிந்துவிடும், அடுத்த வரிசை கத்தும். அதனால் கொடுத்த உறையை எல்லாரும் பெட்டியில் புதுசாக வைத்திருப்பார்கள். யாராவது பெரிய அதிகாரி பார்வையிட வரும் நாளில் மட்டும் மாட்டிக்கொள்வார்கள்.

"இரும்பைத் தொடும்போது போடுன்னு சார் சொன்னாரு. போட்டேன். தண்ணியில கையை விடும்போது போடுன்னு அவரு சொல்லலையே" என்றாள் நூலு.

அதில் கேலி எதுவும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தாள். தொட்டியில் கைவிடும் வேலைக்குக் கொடுத்த உறையை வீட்டில் இரும்புக்கு மாட்டிக்கொண்டு, அந்த மூன்று வாரமும் விரல் நுனியைத் தினம் வெளுப்புத் தண்ணீரில் கரைத்திருக்கிறாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். வாட்ச்காரர் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். அக்காவுக்கு, மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே என்று ஒரு நப்பாசை.

மறுநாள் நூலு ஆரஞ்சு உறையை வேலைக்கு எடுத்துப் போனாள். கம்பியின் சொரசொரப்பு அதன் உள்ளங்கையில் ஊசி ஊசியாகத் துளை போட்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. வெளுப்புத் தண்ணீர் துளை வழியே உள்ளே இறங்கி, வெளியே வர வழியில்லாமல் நாள் முழுக்க விரல்களோடு நின்றது. மாலையில் அவள் உறையைக் கழற்றியபோது விரல்கள் வெளிறிச் சுருங்கியிருந்தன. அக்கா கடைக்கு ஓடிப் புது ஜோடி வாங்கி வந்தாள். மீதி நாட்களில் நூலு அதைப் போட்டாள். கறை விரலுக்குத் தெரியாமல் விட்டுப்போய்த் துணிகள் திரும்பி வந்தன. "என்னடி, மகாராணி கையை நனைக்க மாட்டாங்களா?" என்று அடுத்த வரிசை கேட்டது. பெட்டிக்காரம்மா மட்டும் தன் உறையையும் எடுத்து மாட்டிக்கொண்டு இஸ்திரி போட்டுப் பார்த்தாள், ரப்பர் உருகியது.

ஒரு வாரத்தில் தோல் வளருமா? தினமும் காலை அக்கா குழலை வைத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பெருவிரலின் ஓரத்தில், மழை நின்ற கண்ணாடியில் தெரிகிற மாதிரி மிக மெல்லிசாக இரண்டு கோடுகள் இருந்தன. இருந்தனவா, ஆசைக்குத் தெரிந்தனவா என்று அவளால் சத்தியம் செய்ய முடியாது.

மாதம் முடிந்த அன்று, படிக்கத் தெரியாதவளுக்குத் துணையாக வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா கிடங்கில் அரைநாள் சொல்லிவிட்டுக் கூடப் போனாள். நூலு படத்தைப் பார்க்காமல் மெஷினில் பெருவிரலை வைத்தாள். சிவப்பு. ஓரத்தைச் சாய்த்து வைத்தாள். சிவப்பு. ஒவ்வொரு விரலாக வைத்தாள். பின்னால் வரிசையில் நின்ற யாரும் இந்தத் தடவை அவசரப்படுத்தவில்லை.

அலுவலக அறையில் சூப்பர்வைசர் இருவரையும் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அக்கா வீட்டிலேயே சொல்லிப் பழகிய வார்த்தைகளை வரிசை மாறாமல் சொன்னாள். இரும்பு பட்ட இடம் ஆறிவிட்டது. தண்ணீர் பட்ட இடம் ஆறவில்லை. அப்படியானால் தேய்த்தது இரும்பு இல்லை, உங்கள் தொட்டி. நூலுவின் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையையும் விரல் நுனியையும் அவருக்குக் காட்டினாள்.

அவர் பொறுமையாகப் பார்த்தார். தலையசைத்தார்.

"நீங்க சொல்றது சரிதாம்மா" என்றார்.

அக்காவுக்கு ஒரு கணம் உயிர் வந்தது.

"இங்க இருக்கற தண்ணிதான் இவ கையைத் தின்னுதுன்னா, இந்த வேலை இவ உடம்புக்கு ஒத்துக்கலன்னு அர்த்தம். அப்புறம் இவளை எப்படி இங்க வெச்சுக்கறது? பாவம் இல்லையா?"

"வேற எடத்துல போடுங்க சார். மூட்டை தூக்கற எடத்துல. இவள மாதிரி தூக்கறவங்க உங்ககிட்ட யாரு இருக்கா?"

"எங்க போட்டாலும் வாசல்ல விரல் வைக்கணுமேம்மா." கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் இருக்கு. வேலைக்குன்னு குடுத்த கிளவுஸை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கா. அதை நான் எழுதினா வேற மாதிரி ஆயிரும். எழுதல. அவளா விருப்பப்பட்டு நின்னதா இருக்கட்டும். அவளுக்கும் மரியாதை."

அக்கா நூலுவைப் பார்த்தாள். நூலு, "நீங்கதானே சார் போடச் சொன்னீங்க" என்றாள். சண்டைக்குச் சொன்ன மாதிரி இல்லை. தனக்கே ஞாபகப்படுத்திக்கொள்கிற மாதிரி இருந்தது. அவர் வேலையை விடுவதாக எழுதிய தாளை மேஜையில் நகர்த்தினார்.

அக்கா தாளை முழுக்கப் படித்தாள். என் சொந்த விருப்பத்தின் பேரில் என்று இருந்தது. வேறு தப்பு எதுவும் அதில் இல்லை. மைப்பெட்டியைத் திறந்து வைத்தார்கள். நூலு பெருவிரலை மையில் தோய்த்து, தாளில் உருட்டினாள், எப்போதும் உருட்டுகிற மாதிரி, இடமிருந்து வலமாக, அழுத்தம் மாறாமல். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. கோடே இல்லை. எந்த விரலை வைத்திருந்தாலும் அப்படித்தான் விழுந்திருக்கும். ஒரு தக்காளியைத் தோய்த்து வைத்திருந்தாலும்தான்.

சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு வேறு தாள் எடுத்தார். "இது செல்லாதும்மா. கையெழுத்துப் போட வருமா?"

நூலு தலையாட்டினாள், வராது என்று. அக்கா தன் பையில் இருந்த மருந்து அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் அவள் பெயரைப் பெரிதாக எழுதி முன்னால் வைத்தாள். எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு எழுதினாள். நூலு பேனாவைக் கம்பியைப் பிடிக்கிற மாதிரி நாலு விரலும் சுற்றிப் பிடித்தாள். பிறகு அக்கா பிடிக்கிற மாதிரி மாற்றிப் பிடித்தாள். நெற்றியில் வியர்வை பொடித்தது. அவள் இடுப்புவரை தூக்கி நிறுத்திய எந்தக் கனத்துக்கும் அக்கா அவள் முகத்தில் அவ்வளவு கஷ்டத்தைப் பார்த்ததில்லை. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கீழே இறங்கிவிட்டது. அக்கா நேராக்கச் சொல்லவில்லை.

வெளியே வரும்போது பெட்டிக்காரம்மா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு வாசல்வரை வந்தாள். "மாமியார் போனா போறா. எங்கயாவது வேற வீடு கிடைக்கும்டி" என்றாள். நூலு, "இனிமே எந்த வீட்டுலயும் மாமியார் இருப்பாக்கா" என்றாள். சுவரிலிருந்த படத்தை யாரும் எடுக்கவில்லை. அதில் அவள் கோப்பையை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் அவள் பல இடங்களில் வேலை கேட்டாள். பாதி இடங்களில் வாசலிலேயே ரேகை மெஷின் இருந்தது. மீதி இடங்களில் ஏன் பழைய வேலையை விட்டாய் என்று கேட்டார்கள். சொந்த விருப்பம் என்று தாளில் இருந்ததால் வேறு காரணம் சொல்ல முடியவில்லை. இரும்பைத் தொடுவது தானாகவே நின்றுபோனது. கையுறையோடும் தொடவில்லை, இல்லாமலும் தொடவில்லை. ஒருநாள் அம்மா வீட்டைக் கூட்ட இடைஞ்சலாக இருக்கிறது என்றாள். நூலு இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் ஆள் வைத்துச் சக்கரங்களை இறக்கினார். படியில் அவை ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டு இறங்கிய சத்தத்துக்கு, வாட்ச்காரர் கீழே தட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அக்கா பார்த்தாள்.

ரேகை திரும்பி வந்தது. வேலை போன இரண்டாம் மாதம், கையில் தண்ணீரும் இல்லை இரும்பும் இல்லை என்று ஆனபிறகு, எல்லா விரலிலும் முழுசாக வந்தது. குழல் வைக்காமலே தெரிந்தது. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சலவைக்கூடத்தில் மறுபடி கேட்டாள். அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது. நூலுவே விருப்பப்பட்டு நின்றதாகத்தான் அவர்களிடம் இருந்தது. பெயரைச் சரிபார்க்க அந்தத் தாளை எடுத்துக் காட்டினார்கள். கீழே இறங்கிய அந்தக் கடைசி எழுத்தோடு கையெழுத்து இருந்தது. பக்கத்தில் தேதியை அன்று அக்காதான் எழுதியிருந்தாள், நூலுவுக்கு எண் எழுத வராததால். நூலு முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை.